ஷோத்கங்கா இருக்கும்போது கல்லூரிக்குத் தனிக் களஞ்சியம் எதற்கு?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், 7 ஜூன் 2025

எங்கள் கல்லூரியில் "இன்ஸ்டிடியூஷனல் ரெப்பாசிட்டரி", அதாவது கல்லூரியில் எழுதப்படுவதைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் களஞ்சியம், வைக்க வேண்டும் என்று கமிட்டி போட்டிருக்கிறார்கள். நான் காமர்ஸ் துறை, என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். பிஎச்டி ஆய்வேடு எல்லாம் ஷோத்கங்கா என்ற தேசிய இணையத் தொகுப்பில் ஏறிவிடுகிறது. இந்த ஜனவரியிலிருந்து, ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ஒரே தேசம் ஒரே சந்தா திட்டமும் வந்தாயிற்று. இதற்கு மேல் ஒரு சர்வர், அதற்கு ஒரு ஏஎம்சி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள். தெண்டச் செலவு என்பது என் கட்சி. நூலகர்கள் யாராவது மறுப்பதானால் மறுக்கலாம்.

7 ஜூன், இரவு

நான் நூலகர்தான். வேலூர்ப் பக்கம் ஒரு எய்டட் கல்லூரி. மறுக்கிறேன்.

சந்தா, அடுத்தவர் எழுதியதை நாம் படிப்பதற்கு. களஞ்சியம், நாம் எழுதியதை அடுத்தவர் படிப்பதற்கு. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதால்தான் உங்களுக்குத் தெண்டமாகத் தெரிகிறது.

அந்தச் சந்தாவும் எல்லோருக்கும் இல்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள். பெரிய காரியம்தான். ஆனால் இப்போதைக்கு அது அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களுக்கும் மட்டும். சுயநிதிக் கல்லூரி வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். பணம் ஒதுக்கியிருப்பதும் 2027 வரைக்கும். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை, இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பழகிய நூலகர்களிடம் கேளுங்கள்.

ஷோத்கங்கா வேறு கதை. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துவது. 2009 யூஜிசி ஒழுங்குமுறை வந்த பிறகுதான் பல்கலைக்கழகங்கள் ஆய்வேட்டின் சாஃப்ட் காப்பியைக் கொடுக்க ஆரம்பித்தன. இன்றைக்கு லட்சக்கணக்கில் இருக்கிறது, யாரும் பதிவு செய்துகொள்ளாமலே இறக்கிப் படிக்கலாம். நல்லது. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் பிஎச்டி. உங்கள் கல்லூரியில் எழுதப்படுவதில் பிஎச்டி எத்தனை சதவீதம் என்று நீங்களே யோசியுங்கள். மீதி எங்கே போகிறது?

8 ஜூன், காலை

மீதி எங்கே போகிறது என்று நேற்று கேட்டுவிட்டு நானே படுத்துவிட்டேன். அது பீரோவுக்குப் போகிறது.

குறிப்பாக எம்.ஃபில். இந்த ஜில்லாவில் ஒரு காலத்தில் எம்.ஃபில். செய்யாத பட்டதாரி ஆசிரியர் அபூர்வம். இன்க்ரிமென்ட் கிடைக்கும் என்று செய்தவர்களும் உண்டு, நிஜமாகவே ஆசைப்பட்டுச் செய்தவர்களும் உண்டு. எப்படியோ, ஓர் ஆண்டு ஊர் ஊராக அலைந்து எழுதினார்கள். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு, ஆரணிப் பட்டுத் தறி, பாலாற்று ஓரக் கிணறுகள். அந்த ஆய்வுக் கேள்விப் படிவங்களில் இருக்கும் கூலிக் கணக்கு வேறு எந்த அரசு அறிக்கையிலும் கிடைக்காது. 2022இல் வந்த யூஜிசி ஒழுங்குமுறையோடு எம்.ஃபில். படிப்பையே நிறுத்திவிட்டார்கள். இனிப் புதிதாக ஒன்றும் வராது. இருப்பது கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட, முதுகில் தங்க எழுத்து அழிந்துபோன இரண்டு மூன்று பிரதிகள். ஒன்று துறையில், ஒன்று நூலகத்தில், ஒன்று எழுதியவர் வீட்டுப் பரணில்.

2002க்கு முன்னால் எழுதியவை இன்னும் மோசம். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அந்த ஆண்டுதான் வந்தது. அதுவரை நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. கணியம்பாடி கிணற்றைப் பற்றி எழுதியதைத் தேடிச் சேப்பாக்கம் போக வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நூலகத்தை இடம் மாற்றும்போது ஒரு ஷெல்ஃப் நிறைய எம்.ஃபில். ஏடுகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டார்கள். பாடநூல் இல்லை, ஐஎஸ்பிஎன் இல்லை, ஸ்டாக் ரிஜிஸ்டரிலும் இல்லை, ஆகவே ஆடிட் இடிக்காது என்று ஒரு விளக்கம் வேறு.

8 ஜூன், பிற்பகல்

"சிடியில் கொடுத்திருப்பார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கொடுத்தார்கள். ஏட்டின் பின்னட்டை உறையில் சிடி இருக்கிறது. அதை ஓட்ட டிரைவ் இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லை. டிரைவ் வெளியே வாங்கி ஓட்டிப் பார்த்ததில் சிலவற்றில் ஒன்றுமே இல்லை. காலி சிடி. வைவா அன்றைக்கு உறை நிரம்பியிருந்தால் போதும் என்று யாரோ நினைத்திருக்கிறார்.

10 ஜூன்

சரி, இப்போது கேள்வி கேட்டவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் சொல்கிறேன். களஞ்சியம் வைத்த கல்லூரிகள் என்ன கிழித்தன?

நம் ஊருக்கு ஒரு பழமொழி உண்டு. ஆறு உண்டு நீரில்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை. கூடவே சேர்த்துக்கொள்ளுங்கள்: களஞ்சியம் உண்டு, கோப்பு இல்லை.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (பெயர் வேண்டாம்) நாக் குழு (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு கொடுப்பவர்கள்) வரப்போகிறது என்று அவசரமாக டிஸ்பேஸ் போட்டார்கள். எம்ஐடியும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஷோத்கங்கா ஓடுவதும் அதில்தான். நிறுவிக் கொடுத்தவர் எம்சிஏ கடைசி ஆண்டுப் பையன், நல்ல கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் முகப்பு, கல்லூரிச் சின்னம், துறைவாரிப் பட்டியல் எல்லாம் தயார். கோப்புதான் இல்லை. ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை ஏற்றினார்கள். பழைய வினாத்தாள், ஆண்டுவிழா அழைப்பிதழ், முதல்வரின் பொங்கல் வாழ்த்து. குழு வந்தது, திரையில் பார்த்தது, தலையாட்டிவிட்டுப் போனது. பையன் பெங்களூரில் வேலைக்குப் போனான், அட்மின் பாஸ்வேர்டும் கூடவே போயிற்று. அடுத்த கோடையில் ஓர் இடி மழை, யூபிஎஸ் புகைந்தது, ஹார்ட் டிஸ்க் படுத்தது. பேக்கப் எடுக்கவில்லை. அது இல்லாமல் போனதைப் பற்றி ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு சாமான் காணாமல் போனது யாருக்கும் தெரியவில்லை என்றால், அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆகவே என் பதில் இது. களஞ்சியத்துக்குச் சர்வரும் மென்பொருளும் கடைசிக் கவலை. யாருக்கு எதற்கு அது வேண்டும், யார் போய்க் கோப்பைக் கேட்டு வாங்குவது, இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் கமிட்டி கூட்டத்தில் பிஸ்கட் சாப்பிடாதீர்கள்.

11 ஜூன், காலை

ஜலகண்டேஸ்வரர் 1981லேயே கோட்டைக்குள் திரும்ப வந்துவிட்டார், பழமொழியைத் திருத்தவும் என்று சைதாப்பேட்டைக்காரர் ஒருவர் (நம் வேலூர் சைதாப்பேட்டை). உண்மை. கோயிலில் சாமி இருக்கிறார். மீதியெல்லாம் அப்படியே.

11 ஜூன், இரவு

கோப்பு எப்படி வரும்? உலகம் முழுக்க இதே தொல்லைதான். சர்க்குலர் அனுப்பினால் வராது, பயிலரங்கம் நடத்தினால் சாப்பாட்டுக்கு மட்டும் வருவார்கள்.

பெல்ஜியத்தில் லியேஜ் பல்கலைக்கழகம் 2007இல் ஒரு முடிவெடுத்தது. அதன் தலைவரான ரெக்டர் பெர்னார்ட் ரென்டியே அப்படி ஒன்றும் சத்தம் போடவில்லை. பதவி உயர்வுக்கு மனு போட்டால் உன் கட்டுரைப் பட்டியலை நாங்கள் களஞ்சியத்திலிருந்துதான் எடுப்போம், அதில் இல்லாதது எங்களைப் பொறுத்தவரை எழுதப்படாதது. அவ்வளவுதான். அவர்கள் களஞ்சியத்தின் பெயர் ஆர்பி. நிரம்பிவிட்டது.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002லேயே ஈபிரிண்ட்ஸ் மென்பொருளில் களஞ்சியம் திறந்தது. ரூர்கேலா என்ஐடி 2006இல் கட்டுரையைக் களஞ்சியத்தில் கட்டாயம் வைக்க வேண்டும் என்று விதியே போட்டது, இந்தியாவில் அதுதான் முதல். 2014 டிசம்பரில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து, எங்கள் பணத்தில் செய்த ஆய்வு களஞ்சியத்துக்கு வர வேண்டும் என்றன. நம் கல்லூரிகளில் அந்தத் துறைகளின் பிராஜெக்ட் வாங்கிய பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தக் கொள்கையைப் பற்றிக் கேட்டால் "அப்படியா மேடம்?" என்கிறார்கள். விதி இருக்கிறது. கேட்கிற ஆள் இல்லை.

14 ஜூன்

ஆசிரியர்கள் கட்டுரை கொடுக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. பதிப்பாளர் கேஸ் போடுவார் என்ற பயம் நிஜமாகவே இருக்கிறது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டால் இந்த விவாத இழை முழுக்க வீண்.

ஒரு கட்டுரைக்கு மூன்று உருவம். இதழுக்கு முதலில் அனுப்பியது. மதிப்பீட்டாளர்கள் சொன்ன திருத்தம் எல்லாம் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட கையெழுத்துப் படி. பிறகு பதிப்பாளர் பக்கம் கட்டி, தன் சின்னம் போட்டு வெளியிடுவது. மூன்றாவதைத் தொடக்கூடாது, அது பெரும்பாலும் அவர் சொத்து. இரண்டாவதைக் களஞ்சியத்தில் வைக்கப் பெரிய பதிப்பகங்கள் பலவும் அனுமதிக்கின்றன. உடனே அல்ல, பொதுவாக 12 மாதத்திலிருந்து 24 மாதம் கழித்து. அதுவரைக்கும் கோப்பைப் பூட்டி வைத்து, தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் காட்டலாம். நாள் வந்ததும் தானாகத் திறக்கிற வசதி டிஸ்பேஸிலும் ஈபிரிண்ட்ஸிலும் இருக்கிறது. படிக்க வேண்டியவர் இடையில் "பிரதி வேண்டும்" என்று பட்டனை அழுத்தினால் எழுதியவருக்கு மெயில் போகும், அவர் விருப்பப்பட்டால் அனுப்பலாம்.

சிக்கல் எங்கே வருகிறது? அந்த இரண்டாவது உருவம் யாரிடமும் இல்லை. கட்டுரை வெளிவந்த அன்றே அழித்துவிடுகிறார்கள், அல்லது "ஃபைனல் ஃபைனல் 3" என்ற பெயரில் ஏதோ ஒரு பென்டிரைவில் தூங்குகிறது. ஏற்பு மெயில் வந்த வாரமே கேட்டு வாங்க வேண்டும். நான் இப்போது செய்வது அதுதான். யாராவது ஸ்டாஃப் ரூமில் ஸ்வீட் கொடுத்தால் போய் ஸ்வீட்டையும் எடுத்துக்கொண்டு ஃபைலையும் கேட்கிறேன்.

"பதிப்பாளரிடம் பணம் கட்டி, யாரும் இலவசமாகப் படிக்கும் ஓப்பன் ஆக்சஸ் ஆக்கிவிட்டால் தொல்லை இல்லையே" என்று ஒருவர். 2020இல் நேச்சர் இதழ் அதற்கு அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நீங்கள் கட்டுங்கள், நான் கைதட்டுகிறேன்.

14 ஜூன், இரவு

காக்கைப் படம் போட்ட சை-ஹப் தளத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று தனி மெயில். எல்லோரும் பயன்படுத்துகிறீர்கள், எனக்குத் தெரியும். 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன் மேல் வழக்குப் போட்டன. வழக்கு எப்படிப் போனாலும், குடியாத்தம் எம்.ஃபில். ஏடு அங்கே கிடைக்காது. காசு போட்டு விற்கிற சரக்கைத்தான் அது எடுத்துத் தருகிறது. நம்முடையதை யாரும் விற்கவே இல்லை.

15 ஜூன்

நர்சிங் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: முதுகலை மாணவர் டிகிரிக்காக எழுதும் டிசர்டேஷனை யார் படிக்கப்போகிறார்கள்?

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுகலை மாணவி நிர்மலா. எய்ட்ஸ் இந்தியாவில் இருக்கிறதா என்று பார்ப்பதை டிசர்டேஷனாக எடுத்துக்கொள் என்றவர் பேராசிரியர் சுனிதி சாலமன். இங்கே அதெல்லாம் இருக்காது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்தார். பரிசோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, நம் சிஎம்சிக்கு வந்தார். இங்கேதான் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருந்தது. நாட்டுக்கே அதுதான் முதல் செய்தி.

அது ஒரு முதுகலை டிசர்டேஷன். கறுப்பு ரெக்சின் ஜாதிதான்.

இன்றைக்கு அந்த மாதிரி எழுதுகிறவர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் ஈபிரிண்ட்ஸில் ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. அதனோடு இணைந்த கல்லூரிகளின் எம்டி, எம்எஸ் டிசர்டேஷன்கள் முழுதாக அதில் இருக்கின்றன, சிஎம்சி மாணவர்கள் எழுதியவையும். கூகுளில் ஏதாவது நோயும் "வேலூர்" என்றும் போட்டால் பல நேரம் அதில்தான் போய் நிற்கும். கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் இந்த இழையில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

சிஎம்சி என்றதும் அவர்கள் ஆய்வு நடத்தும் கணியம்பாடி ஞாபகம் வருகிறது. அந்த ஒன்றியத்து ஜனங்கள் எத்தனை தலைமுறையாக சர்வேக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். உலக இதழ்களில் அவர்கள் எண்ணாக வருகிறார்கள். அந்த ஊர் கிராம நர்ஸ் அந்தக் கட்டுரையைத் திறந்தால் டாலரில் விலை கேட்கிறது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் சில கட்டாயப்படுத்துவதால் இப்போது கொஞ்சம் திறந்து கிடைக்கிறது. ஆனால் இது நிதி கொடுத்தவர் சொல்லி நடக்க வேண்டிய காரியமா?

19 ஜூன்

பாலாறு. இதை எழுதாமல் வேலூரில் எந்த விவாதமும் முடியாது.

தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லாருக்கும் தெரியும். மாசு செய்தவனே செலவைக் கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாக வந்தது அதில்தான். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாடு முழுக்க "வேலூர் கேஸ்" என்று படிக்கிறார்கள். தீர்ப்பைத் திறந்தால் ஆரம்பத்திலேயே ஓர் எண் வரும். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போய்விட்டது. யார் சொன்னது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த சர்வே.

தீர்ப்பை யாரும் எங்கிருந்தும் இலவசமாகப் படிக்கலாம். அந்த சர்வேயை நான் தேடினேன். எந்தக் கிராமம், எந்தக் கிணறு, எப்படி அளந்தார்கள் என்று பார்க்க ஆசை. என் கைக்கு வரவில்லை. வேறொருவர் அதைக் குறிப்பிட்டதை இன்னொருவர் குறிப்பிட்டதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்த ஆண்டு ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட வேண்டுமானால் பழைய அளவு வேண்டும். அது யாருடைய பீரோவில் இருக்கிறது?

கேள்வி கேட்டவருக்கு: தெண்டச் செலவா என்று இப்போது சொல்லுங்கள்.

20 ஜூன்

தமிழ்த் துறைக்காரர்கள் பேசாமல் இருக்கிறார்களே என்று பார்த்தேன். வந்துவிட்டார்கள். "எங்கள் ஆய்வேடு ஷோத்கங்காவில் இருக்கிறது, ஆனால் தேடினால் வருவதில்லை."

வராது. இரண்டு காரணம். தலைப்பைப் பலர் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள். "சங்க" என்பதை ஒருவர் எஸ் போட்டு, ஒருவர் சி போட்டு, ஒருவர் கடைசியில் எம் சேர்த்து எழுதியிருப்பார். மூன்றையும் யோசித்துத் தேடுகிறவருக்குத் தனி டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

இரண்டாவது எழுத்துரு. டிடிபி கடையில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த ஏடு. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. பாமினியில் அடித்த பிடிஎஃபில் "தமிழ்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்துத் தேடுங்கள், மடமடவென்று வரும். தமிழ்நாடு அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. டிடிபி கடைகளுக்கு அந்த அரசாணை போய்ச் சேரப் பல வருடம் ஆயிற்று.

வழி: இனிமேல் வாங்குவதை யூனிகோடில் மட்டும் வாங்குங்கள். பழையதை எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்கலாம், ஒற்றும் கொம்பும் இடம் மாறும், ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும். முழுக்கத் திருத்த ஆள் இல்லை என்றால் தலைப்பு, சுருக்கம், பொருளடக்கம் மூன்றை மட்டுமாவது யூனிகோடில் தட்டிவிடுங்கள். தலைப்பைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறை பதியுங்கள்.

இடப்பெயரும் அப்படித்தான். 1989 வரைக்கும் எழுதியவர்கள் "வட ஆற்காடு மாவட்டம்" என்பார்கள், அதில் திருவண்ணாமலையும் அடக்கம். பிறகு "வட ஆற்காடு அம்பேத்கர்". அப்புறம் "வேலூர்". 2019க்குப் பிறகு அதே ஊர் ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ இருக்கும். வாணியம்பாடியைப் பற்றித் தேடுகிறவர் எந்தப் பெயரைப் போடுவார் என்று நமக்குத் தெரியாது. இடத்துக்கான கட்டத்தில் எல்லாப் பெயரையும் போடுங்கள், தாலுகாவையும் சேர்த்து. இந்த வேலையை மென்பொருள் செய்யாது. ஊர் தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும். உள்ளூரில் ஒரு நூலகர் உட்கார வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

22 ஜூன்

உள்ளூரில் நூலகர் வேண்டும். சரி, உள்ளூரில் சர்வரும் வேண்டுமா? இரண்டு வாரமாக இதைப் பற்றித்தான் யோசிக்கிறேன். கேள்வி கேட்டவரோடு இங்கே பாதி வழி வருகிறேன்.

டிஸ்பேஸ் 2021இல் ஏழாம் பதிப்புக்கு மாறியது. முகப்பு தனி, பின்னால் ஓடுவது தனி, அதற்கு வேண்டிய மெமரி முன்பைவிடப் பல மடங்கு. பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டு ஓட்டிய காலம் போயிற்று. சின்னக் கல்லூரிகள் பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வருவதில்லை. யாராவது உள்ளே புகுந்து லாட்டரி விளம்பரம் வைத்துவிட்டுப் போவார்கள்.

டிஸ்பேஸின் அமைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒரு நிறுவலுக்குள் பல "சமூகங்கள்" (தனித்தனிப் பிரிவுகள்), ஒவ்வொன்றுக்குள்ளும் பல தொகுப்புகள். பல்கலைக்கழகம் ஒரே சர்வரை நன்றாக வைத்து, ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு சமூகம் திறந்து கொடுத்தால் போதும். ஏற்றும் உரிமை அந்தந்தக் கல்லூரி நூலகருக்கு. வேளாண்மையில் கிருஷிகோஷ் இப்படித்தான், நாட்டின் பல வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் ஒரே இடத்தில். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜெனிவா செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் ஜெனோடோ இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். கல்லூரிப் பெயரில் ஒரு பக்கம் திறந்துகொண்டு நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

பிரதி மட்டும் ஓர் இடத்தில் வைக்காதீர்கள். ஜெனோடோவில் ஒன்று, கல்லூரியில் ஒரு ஹார்ட் டிஸ்க், அதே ஹார்ட் டிஸ்க் இன்னொன்று வேறு கட்டடத்தில். இடி மழை எல்லாக் கட்டடத்திலும் ஒரே நாளில் விழாது.

25 ஜூன்

"திறந்து வைத்தால் காப்பி அடிப்பார்கள்." எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

பூட்டி வைத்த ஏட்டைக் காப்பி அடித்தால்தான் கண்டுபிடிக்க முடியாது. திறந்து இருப்பதை மென்பொருள் பிடித்துவிடும். யூஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக. அதே ஒழுங்குமுறையில் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆய்வேடு, கட்டுரை, வெளியீடுகளுக்கு ஒரு களஞ்சியம் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. 10 சதவீதம் எல்லாருக்கும் மனப்பாடம். இந்த வரி யாருக்கும் ஞாபகம் இல்லை.

வேறு ஒரு பயம் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. தன் பழைய ஏட்டைப் பார்க்கத் தனக்கே கூச்சம். ஒரு சீனியர் பேராசிரியர் என்னிடம் நேராகவே சொன்னார்: "நான் செத்த பிறகு போட்டுக்கோம்மா." பதிப்புரிமைச் சட்டப்படி அவர் செத்து 60 ஆண்டு ஆக வேண்டும் சார் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

29 ஜூன்

பீடித் தொழிலாளர் சங்கத்தில் இருக்கும் ஒருவர் எழுதியதுதான் இந்த இழையிலேயே எனக்கு வேலை வைத்த கேள்வி. பழைய ஏடுகளின் பின்னிணைப்பில் பேட்டி கொடுத்த பெண்களின் பெயர், வயது, தெரு, கடன் எவ்வளவு, புருஷன் குடிக்கிறாரா என்பது வரை இருக்கிறதே, அதையும் இணையத்தில் போடுவீர்களா?

போடக்கூடாது. அந்தக் காலத்தில் மூன்று பிரதிதான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று எழுதினார்கள். கூகுளில் ஏறினால் அந்தப் பெண்ணின் பேரன் கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டார் படிப்பார்கள். எழுதியவர் சம்மதித்தால் மட்டும் போதாது, பேட்டி கொடுத்தவர் இதற்குச் சம்மதிக்கவில்லை.

நான் செய்யப்போவது: முழு ஏட்டையும் ஒரு முறை ஸ்கேன் செய்து பூட்டிய கோப்பாக வைப்பது. வெளியே காட்டும் பிரதியில் பின்னிணைப்பின் பெயர், தெரு, கதவு எண் மூன்றையும் கறுப்படிப்பது. கறுப்புப் பட்டையைப் பிடிஎஃபின் மேலே ஒட்டினால் பயனில்லை, அடியில் எழுத்து அப்படியே இருக்கும், தேடினால் வரும். பக்கத்தைப் படமாக்கி, அந்தப் படத்தில் அழித்து, பிறகு சேர்க்க வேண்டும். கூலி, வேலை நேரம், கடன் அட்டவணைகள் திறந்தே இருக்கும், அதற்காகத்தானே இத்தனை பாடு. உண்மையான ஆய்வுக்கு முழுப் பிரதி வேண்டுமென்றால் நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சங்கத்துக்காரர் ஒன்று கேட்டிருக்கிறார்: 1990களின் கூலி அட்டவணை அவர்களுக்குப் பேச்சுவார்த்தைக்கு வேண்டுமாம், எப்போது கிடைக்கும்? பொருளாதாரத் துறை பீரோவின் சாவி ஜூலை முதல் வாரம் கையில் வருகிறது. பீடி சம்பந்தப்பட்டதை முதலில் ஸ்கேன் செய்கிறேன்.